பழைய ஆங்கில வினைகளைப் பழக எங்கே தொடங்குவது: கிங் ஜேம்ஸ் பைபிளா, ஷேக்ஸ்பியரா, கோல்ரிட்ஜா?

ஆங்கில இலக்கியம் படிக்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் ‘ஹாத்’, ‘டத்’, ‘ஆர்ட்’, ‘வில்ட்’, ‘கோயெத்’, ‘ஸ்பேக்’ போன்ற வினைகளில் வந்து முட்டுகிறார்கள். பெரும்பாலோர் பொருளை ஊகித்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். கதை புரிந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் யார் யாரிடம் பேசுகிறார், ஒருவரிடமா பலரிடமா, நடப்பதைச் சொல்கிறாரா, நடக்க வேண்டும் என்று வேண்டுகிறாரா என்பதெல்லாம் பல இடங்களில் அந்த வினையிலும் அதை ஒட்டிய பெயரிலும்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் படிப்பது வீண் இழப்பு. அதுவும் தமிழ் தெரிந்தவருக்கு இது கஷ்டமான பாடமே இல்லை.

பழைய ஆங்கிலம் என்று நான் இங்கே சொல்வது, ஏறக்குறைய 1500 முதல் 1700 வரை எழுதப்பட்டதையும், பின்னாளில் அதைப் பார்த்து எழுதப்பட்டதையும். 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசருக்கும் அதற்கு முந்தைய காலத்துக்கும் தனிப் பயிற்சி வேண்டும். அதை இதில் சேர்க்கவில்லை. இந்த வினைகளைப் பழக நினைப்பவருக்கு முன்னால் வழக்கமாக மூன்று வழிகள் இருக்கின்றன: 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிள், ஷேக்ஸ்பியரின் நாடகங்கள், பழைய பாணியை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு எழுதிய பிற்காலக் கவிதைகள். மூன்றையும் எப்படியும் படிக்கத்தான் போகிறோம். எதை முதலில் எடுப்பது என்பதில்தான் லாப நஷ்டம்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன், ஒரு பத்தியில் முடிந்துவிடும். எழுவாய் ‘தௌ’ (‘நீ’) என்றால் வினையோடு ‘-எஸ்ட்’ சேரும்: தௌ நோயெஸ்ட், தௌ கோயெஸ்ட். படர்க்கை ஒருமை என்றால் ‘-எத்’: ஹி நோயெத், ஷி கோயெத். தன்மைக்கும் பன்மைக்கும் விகுதி கிடையாது. இறந்த காலத்தில் ‘-எத்’ வரவே வராது. ‘தௌ’வுக்கு மட்டும் ‘டிட்ஸ்ட்’, ‘ஹாட்ஸ்ட்’ என்று ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி புழங்கும் வினைகள் தேய்ந்து ஆர்ட், ஹாஸ்ட், ஹாத், டஸ்ட், டத், ஷால்ட், வில்ட் என்று ஆகியிருக்கின்றன. ‘வருகிறாய்’ என்றால் முன்னிலை, ‘வருகிறான்’ என்றால் படர்க்கை என்று விகுதியைக் கேட்டே ஆளைக் கண்டுகொள்ளும் காது நமக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஏற்பாடு கொஞ்சமாக இருந்து, பிறகு ஏறக்குறைய முழுக்கத் தேய்ந்தது. ஆகவே இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குப் புதிதாகத் தோன்றுவது நமக்குப் பழகிய சங்கதி.

இந்த ‘-எத்’ தென் இங்கிலாந்து வழக்கு. இன்று நாம் எழுதும் ‘-எஸ்’ வடக்கிலிருந்து வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அது லண்டனில் பரவி, பேச்சில் ‘-எத்’தைத் தள்ளிவிட்டது. எழுத்தில் மட்டும் பழைய விகுதி நீடித்தது. ‘லீடெத்’ என்று எழுதினாலும் ‘லீட்ஸ்’ என்றுதான் பொதுவாக உச்சரிக்கிறோம் என்று ரிச்சர்ட் ஹாட்ஜஸ் என்பவர் 1643-இல் தம் எழுத்திலக்கணப் புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். எழுத்தும் பேச்சும் பிரிந்து நின்ற இந்தக் காலத்தில்தான் நம் முதல் இரண்டு நூல்களும் பிறந்தன. ஒன்று எழுத்து வழக்கின் பக்கம் நின்றது. மற்றது இரண்டு வழக்கையும் வைத்துக்கொண்டு விளையாடியது.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கிங் ஜேம்ஸ் பைபிளில் தொடங்குங்கள். சமயக் காரணத்துக்காகச் சொல்லவில்லை. இந்த வினைகள் இவ்வளவு ஒழுங்காகவும் இவ்வளவு நெருக்கமாகவும், எளிய வாக்கியங்களில் வருகிற நூல் வேறு ஒன்று எனக்குத் தெரியவில்லை.

23-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். ஆறே வசனங்கள். ‘ஹி மேக்கெத் மீ டு லை டவுன்’, ‘ஹி லீடெத் மீ’, ‘ஹி ரெஸ்டோரெத் மை ஸோல்’ என்று மேய்ப்பரைப் பற்றி நம்மிடம் சொல்லிக்கொண்டே வருகிறது. மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு திரும்புகிறது: ‘ஃபார் தௌ ஆர்ட் வித் மீ’. அதற்குப் பிறகு ‘தௌ ப்ரிப்பேரெஸ்ட்’, ‘தௌ அனாயின்டெஸ்ட்’. அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், பயம் வந்த இடத்தில் அவரிடமே பேச ஆரம்பிக்கிறார். அந்தத் திருப்பம் பெயரில் மட்டுமல்ல, ‘-எத்’ நின்றுபோய் ‘-எஸ்ட்’ தொடங்குவதிலும் கேட்கிறது. பிறகு ‘மை கப் ரன்னெத் ஓவர்’ என்று பாத்திரத்தைப் பற்றிச் சொல்லும்போது ‘-எத்’ திரும்பி வருகிறது. தமிழ்ப் பைபிளிலும் ‘கொண்டுபோய்விடுகிறார்’ என்பது ‘தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்’ என்று மாறுவதைக் கவனிக்கலாம். இந்த ஒரு சங்கீதத்தை வாய்விட்டுப் படித்தாலே இரண்டு விகுதியும் காதில் ஏறிவிடும்.

அடுத்தது ஒருமை, பன்மை. இந்த நூலில் ‘தௌ’, ‘தீ’ என்பவை ஒருவரைக் குறிக்கும்; ‘யீ’, ‘யூ’ பலரைக் குறிக்கும். ‘யீ’ எழுவாய், ‘யூ’ செயப்படுபொருள். லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் இயேசு சீமோனைக் கூப்பிட்டு, சாத்தான் ‘ஹாத் டிஸையர்ட் டு ஹாவ் யூ’ என்கிறார். அடுத்த வசனத்தில் ‘ஐ ஹாவ் ப்ரேட் ஃபார் தீ’. ஆபத்து சீடர்கள் எல்லோருக்கும், வேண்டுதல் பேதுருவுக்காக. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுமே ‘யூ’ ஆகிவிடுவதால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அடிக்குறிப்புப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். நம் தமிழ்ப் பைபிள் ‘உங்களை’, ‘உனக்காக’ என்று பிரித்தே சொல்கிறது. அதே வசனத்தில் ‘தட் தை ஃபெய்த் ஃபெய்ல் நாட்’ என்றும் இருக்கிறது. படர்க்கை ஒருமைதானே, ‘ஃபெய்லெத்’ என்றல்லவா வர வேண்டும்? வராது. அது நடப்பதைச் சொல்லும் வாக்கியம் அல்ல, ‘ஒழிந்துபோகாதபடிக்கு’ என்ற வேண்டுதல்.

இந்த விகுதியற்ற வடிவம் எல்லோருக்கும் தெரிந்த ஜெபத்திலேயே இருக்கிறது. ‘தை கிங்டம் கம்’ என்பதை ‘உன் ராஜ்யம் வருகிறது’ என்று புரிந்துகொண்டால் தப்பு. தமிழில் ‘வருவதாக’ என்று இருக்கிறதே, அதுதான் சரி. நம் இலக்கணத்தில் வியங்கோள் என்று பெயர் வைத்துப் படித்தோம். ‘ஹாலோட் பி தை நேம்’ என்பதும் அப்படித்தான்: ‘பரிசுத்தப்படுவதாக’. ‘இஃப் இட் பி தௌ’ போல ‘இஃப்’ வருகிற இடங்களிலும் இதே வடிவம் வரும். பள்ளியில் ‘ஹி’ வந்தால் ‘எஸ்’ போடு என்று மட்டும் படித்தவர்கள் இந்த இடத்தில் அச்சுப்பிழை என்றே நினைத்துவிடுவார்கள்.

கேள்வி கேட்கும் விதத்துக்கு யோனாவின் புத்தகம் அருமையான பாடம். நாலே அதிகாரம். புயலில் கப்பல் தத்தளிக்கும்போது கீழே தூங்கிக்கொண்டிருக்கும் யோனாவை மாலுமி எழுப்புகிறான்: ‘வாட் மீனெஸ்ட் தௌ, ஓ ஸ்லீப்பர்?’ பிறகு எல்லோரும் சுற்றி நின்று ‘வென்ஸ் கமெஸ்ட் தௌ?’ என்று விசாரிக்கிறார்கள். ‘டூ’ என்ற துணைவினை இல்லாமலே, வினையை முன்னால் நகர்த்தினால் போதும், கேள்வி ஆகிவிடுகிறது. மறுப்பும் அப்படித்தான், காட்டுப் புஷ்பங்களைப் பற்றிய வசனத்தில் ‘தே டாயில் நாட்’ என்று வினைக்குப் பின்னால் ‘நாட்’ வந்து நிற்கிறது. அதே யோனாவின் கடைசி அதிகாரத்தில், ஆமணக்குச் செடி வாடியதற்குக் கோபித்துக்கொண்டவனிடம் ‘டூயெஸ்ட் தௌ வெல் டு பி ஆங்ரி?’ என்று கேட்கிறார் கடவுள். இங்கே ‘டஸ்ட்’ இல்லை, ‘டூயெஸ்ட்’. செய்வது என்ற முதன்மை வினையாக வந்தால் ‘டூயெஸ்ட்’, ‘டூயெத்’. துணைவினையாக வந்தால் ‘டஸ்ட்’, ‘டத்’. கவனித்து வைத்துக்கொண்டால் பல இடத்தில் உதவும்.

இன்னும் சில வடிவங்களை வேகமாகச் சொல்கிறேன். ஸ்பேக், ப்ரேக், ஸ்வேர் என்பவை ஸ்போக், ப்ரோக், ஸ்வோர் என்பவற்றின் முந்தைய உருவங்கள். ‘ஹி இஸ் ரிஸன்’, ‘ஐ ஆம் கம்’ என்பவை செயப்பாட்டு வினை அல்ல. வருதல், போதல், எழுதல் போன்ற வினைகளுக்கு ‘ஹாவ்’ இடத்தில் ‘பி’ வருவது அக்கால வழக்கம். ஏவாள் பழத்தைப் பறித்து ‘டிட் ஈட்’ என்று வருவதைச் சாப்பிட்டே விட்டாள் என்று அழுத்திப் படிக்கக்கூடாது, வெறும் ‘சாப்பிட்டாள்’தான். ‘விஸ்ட்’ என்றால் அறிந்தான். ‘செத்’ என்று ஒன்று அடிக்கடி வரும், ‘ஸே’ என்பதன் படர்க்கை வடிவம். எழுத்தைப் பார்த்து ‘சைத்’ என்று வாசிப்பவர்கள் உண்டு. ‘செத்’ என்பதே வழக்கமான உச்சரிப்பு.

குறை இல்லாமல் இல்லை. இந்த ஒழுங்கு அக்காலப் பேச்சின் ஒழுங்கு அல்ல. 1611-இல் லண்டன் தெருவில் ஒருவரை ‘யூ’ என்று கூப்பிடுவது சகஜமாகிவிட்டது, ‘-எஸ்’ சகஜமாகிவிட்டது. மொழிபெயர்த்தவர்கள் 1526-இல் அச்சான டிண்டேலின் புதிய ஏற்பாட்டிலிருந்து ஏராளமான வாக்கியங்களை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் ஒருமை பன்மை பிரிந்திருந்ததால் அதைக் காப்பாற்றவும் ‘தௌ’ வசதியாக இருந்தது. ஆகவே இதில் ‘தௌ’ என்பது எண்ணிக்கையை மட்டுமே சொல்லும். மரியாதை, நெருக்கம், கோபம் எதையும் சொல்லாது. கடவுளும் ‘தௌ’, சாத்தானும் ‘தௌ’. எண்ணாகமம் 22-இல் பிலேயாமின் கழுதை வாய் திறந்து எஜமானைக் கேள்வி கேட்கும்போது அதுவும் ‘தௌ’ என்றுதான் கேட்கிறது. இதை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால், அந்தச் சொல்லுக்குச் சமூக வாழ்க்கை ஒன்று இருந்தது என்பதே தெரியாமல் போகும்.

எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். 1611-இன் எழுத்துக்கூட்டலை அப்படியே காட்டும் மறுபதிப்புகள் இருக்கின்றன. ‘ஹாவ்’, ‘லவ்’ போன்றவற்றில் வி-க்குப் பதில் யு இருக்கும். தொடக்கத்தில் அது வேண்டாம். கடைகளில் கிங் ஜேம்ஸ் என்று கிடைப்பது பெரும்பாலும் 1769-இல் ஆக்ஸ்ஃபோர்டில் திருத்திய உரையைத் தழுவியது; அதுவே போதும். 1982-இன் நியூ கிங் ஜேம்ஸ் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதில் ‘தௌ’வும் ‘-எத்’தும் கிடையாது. 1952-இன் ரிவைஸ்ட் ஸ்டாண்டர்ட் பதிப்பு இன்னும் குழப்பும்: மனிதர்களுக்கெல்லாம் ‘யூ’, கடவுளிடம் பேசும்போது மட்டும் ‘தௌ’ என்று வைத்தார்கள். ‘தௌ’ என்பது ‘தேவரீர்’ போன்ற உயர்வுச் சொல் என்ற எண்ணத்தை இப்படிப்பட்ட பதிப்புகள் வலுப்படுத்தின. உண்மையில் அது ‘நீ’.

சரி, ஷேக்ஸ்பியர். விகுதி என்ன செய்கிறது என்பதற்கு அவரைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. விகுதி என்ன என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் அவர் பொருந்த மாட்டார். ‘மெர்ச்சண்ட் ஆஃப் வெனிஸ்’ நாடகத்தின் நீதிமன்றக் காட்சியில் போர்ஷியா இரக்கத்தைப் பற்றிப் பேசுகிறாள். இரக்கம் மழையைப்போல ‘ட்ராப்பெத்’ என்கிறாள். இரண்டு வரி தள்ளி, ‘இட் ப்ளெஸ்ஸெத் ஹிம் தட் கிவ்ஸ் அண்ட் ஹிம் தட் டேக்ஸ்’. ஒரே வரியில் ஒரு ‘-எத்’, இரண்டு ‘-எஸ்’. புதிதாக வருகிறவர் இதைப் பார்த்தால் விதியே கிடையாது என்றுதான் நினைப்பார். கிங் ஜேம்ஸில் காது பழகியவருக்கு இங்கே ஒரு தேர்வு நடக்கிறது என்று உடனே தெரியும். ‘ட்ராப்பெத்’ என்றால் இரண்டு அசை, ‘ட்ராப்ஸ்’ என்றால் ஒன்று. அந்த அடிக்கு இரண்டு தேவை. ‘ப்ளெஸ்ஸெத்’தில் இந்தக் காரணம் செல்லாது, ‘ப்ளெஸ்ஸெஸ்’ஸும் இரண்டு அசைதான். ஆனால் ‘ஸ்’ ஓசையில் முடியும் வினைகளில் ‘-எத்’ மற்றவற்றைவிட நீண்ட காலம் தங்கியது. ‘ஸ்’ மேல் இன்னொரு ‘ஸ்’ நாவுக்கு உகந்ததாக இல்லை. தவிர, வேதத்தின் தொனியில் பேசும் பேச்சுக்குக் கனமான விகுதி பொருந்துகிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் அன்றாட வினையில் வந்துபோகிறார்கள். ஒரு கவிஞனின் காது வேலை செய்வதை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது எவ்வளவு சந்தோஷம்!

‘தௌ’, ‘யூ’ விஷயத்தில் அவர் இன்னும் கூர்மை. ஹாம்லெட் நாடகம், மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. அம்மா கெர்ட்ரூட் மகனைக் கண்டிக்கிறாள்: ‘ஹாம்லெட், தௌ ஹாஸ்ட் தை ஃபாதர் மச் அஃபெண்டட்’. அவள் சொல்வது புதுக் கணவனை. மகன் அந்த வரியையே திருப்பித் தருகிறான்: ‘மதர், யூ ஹாவ் மை ஃபாதர் மச் அஃபெண்டட்’. இவன் சொல்வது செத்துப்போன தகப்பனை. மகன் அம்மாவை ‘யூ’ என்பது முறையான மரியாதை. அம்மா மகனை ‘தௌ’ என்பதும் இயல்பு. அடுத்து அவள் பேசும்போது ‘யூ ஆன்ஸர்’ என்கிறாள். ‘ஹாவ் யூ ஃபர்காட் மீ?’ என்றும் கேட்கிறாள். வீட்டில் ‘நீ’ என்று பேசிக்கொண்டிருக்கும் அம்மா, கோபம் முற்றினதும் பிள்ளையை ‘நீங்க சொல்லுங்க’ என்று ஆரம்பித்தால் நமக்கு வயிற்றைக் கலக்குமே, அதேதான் இது. கொஞ்ச நேரத்தில் அவன் நெருங்கிவரும் விதத்தைப் பார்த்துப் பயந்து அவள் கத்துகிறாள்: ‘வாட் வில்ட் தௌ டூ? தௌ வில்ட் நாட் மர்டர் மீ?’ பழைய ‘தௌ’ திரும்பி வந்துவிட்டது. ஹாஸ்ட், ஹாவ், வில்ட் என்று வினைகளும் கூடவே மாறி, அவளுடைய மனநிலையை அடிக்கு அடி காட்டுகின்றன.

இது மேடைக்கான கற்பனை மட்டுமல்ல. 1603-இல் வால்ட்டர் ராலே மீது நடந்த ராஜதுரோக வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், ‘ஐ தௌ தீ, தௌ ட்ரெய்ட்டர்’ என்று அவரை ஏசினார். ‘தௌ’ என்பதையே வினையாக்கி, ‘உன்னை நீ என்றுதான் சொல்வேன்’ என்று அவமதித்தது அது.

ஷேக்ஸ்பியரில் தொடங்குவதன் கஷ்டம் வேறு பக்கங்களிலும் இருக்கிறது. ‘திங்க்ஸ்ட்’, ‘நோஸ்ட்’ என்று விகுதி சுருங்கிவிடும். செய்யுளுக்காகச் சொல் வரிசை புரளும். வினையைப் பிடிக்கவே நேரம் போகும்போது, அதன் நுட்பத்தை எங்கே ரசிப்பது? ஒரு பக்கம் மூலமும் எதிர்ப்பக்கம் இன்றைய ஆங்கிலமும் அச்சிட்ட பதிப்புகள் மாணவர்களிடம் பிரபலம். அவசரத்துக்கு உதவும்தான். ஆனால் எதிர்ப்பக்கத்தில் கெர்ட்ரூடின் எல்லா வரியும் ‘யூ’ ஆகியிருக்கும். நாம் தேடி வந்தது அங்கே இருக்காது. இன்றைய எழுத்துக்கூட்டலில் வரும் நல்ல குறிப்புரைப் பதிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் எழுத்துக்கூட்டலை மட்டும்தான் மாற்றுவார்கள். ‘ஹாத்’, ‘டத்’, ‘-எத்’ எல்லாம் இலக்கணம் என்பதால் அப்படியே இருக்கும்.

மூன்றாவது வழி, கோல்ரிட்ஜின் ‘ஏன்ஷியன்ட் மரினர்’. 1798-இல் வந்தது. ‘இட் இஸ் அன் ஏன்ஷியன்ட் மரினர், அண்ட் ஹி ஸ்டாப்பெத் ஒன் ஆஃப் த்ரீ’ என்று தொடங்குகிறது. கதை இழுத்துக்கொண்டு போகும், வரிகள் சிறியவை, தொடங்குவதற்கு மூன்றிலும் இதுதான் சுலபம் என்று தோன்றும். ஆனால் இரண்டு செய்யுள் தள்ளி ‘ஹி ஹோல்ட்ஸ் ஹிம்’ என்று இன்றைய விகுதி வந்துவிடுகிறது. 1798-இல் சாதாரணப் பேச்சில் ‘-எத்’ செத்து நெடுங்காலம் ஆகிவிட்டது. கோல்ரிட்ஜ் அதைப் பழைய நாட்டுப் பாடல்களின் சூழலை உண்டாக்க எடுத்துக்கொள்கிறார். முடிவில் வரும் ‘ஹி ப்ரேயெத் பெஸ்ட் ஹூ லவ்வெத் பெஸ்ட்’ என்ற வரியின் நிதானமும் அந்த விகுதியால் வந்ததுதான். கவிதையாக எனக்கு மிகவும் பிடித்தது. பழைய வினையைப் பழக மட்டும் இதை நம்ப வேண்டாம்: இங்கே விகுதி இலக்கணமாக இல்லாமல் ஒரு தொனியாக இருக்கிறது.

ஜி.யு. போப் 1900-இல் வெளியிட்ட திருவாசக மொழிபெயர்ப்பும் இந்த வகையே. அதில் சிவன் ‘தௌ’. மாணிக்கவாசகரை மனப்பாடமாக அறிந்தவர் அதை மூலத்தோடு வைத்துப் படித்தால் ‘ஆர்ட்’, ‘டிட்ஸ்ட்’, ‘ஹாஸ்ட்’ எல்லாம் சீக்கிரம் பழகிவிடும், அந்த வகையில் தமிழருக்கு நல்ல துணை. ஆனால் இன்று பக்தி இலக்கியத்தை ஆங்கிலத்தில் தருகிறவர்கள் போப்பைப் பின்பற்றி ‘தௌ’ போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மாணிக்கவாசகரின் ‘நீ’ இன்றும் நம் வாயில் உயிரோடு இருக்கும் சொல். அதற்கு இன்று யாரும் பேசாத ஒன்றை ஈடாக வைத்தால் தூரம்தான் கூடும்.

இலக்கண அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டு வரலாமே என்பவர்களுக்கு: மேலே சொன்ன ஒரு பத்திதான் அட்டவணை. அதற்கு மேல் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். ஆவணங்களும் கடிதங்களும் படிக்கப் போகிற வரலாற்று மாணவருக்கு என் பரிந்துரை கொஞ்சம் மாறும். புனித ஜார்ஜ் கோட்டையின் ஆரம்ப காலமான 1640-களின் கம்பெனிக் கடிதங்களில் ‘ஹாத்’, ‘டத்’ தாராளமாகக் கிடைக்கும். ‘தௌ’வைத் தேட வேண்டியதில்லை, ஒருவருக்கொருவர் ‘யூ’தான். அவர்கள் ‘-எஸ்ட்’ பக்கம் அதிகம் உழைக்காமல், ‘பி’ வரும் முற்று வினைகளையும் அழுத்தமில்லாத ‘டூ’வையும் பழகினால் போதும்.

மற்ற எல்லோருக்கும் நான் சொல்லும் வரிசை இது: யோனா, ரூத், 23-ஆம் சங்கீதம், பிறகு லூக்கா முழுவதும், எல்லாம் கிங் ஜேம்ஸில், வாய்விட்டு. ‘தௌ’ வந்ததும் அடுத்து எந்த விகுதி வரும் என்று யோசிக்காமல் நாக்கு தானாகப் போகிறதா என்று பாருங்கள். அது வந்துவிட்டால் போர்ஷியாவின் நீதிமன்றக் காட்சிக்குப் போகலாம், அப்புறம் ஹாம்லெட்டின் அந்தக் காட்சி, அப்புறம் ‘கிங் லியர்’ முதல் அங்கம். அப்பாவும் மூன்று மகள்களும் எங்கே ‘தௌ’, எங்கே ‘யூ’ என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படியுங்கள். தேர்வு நெருங்கிவிட்டது, ஷேக்ஸ்பியர் தாள் தலைக்கு மேல் நிற்கிறது என்றால்கூட, யோனாவின் நாலு அதிகாரத்துக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். கோல்ரிட்ஜை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.